பாய்மர உச்சி விளக்கு

உங்கள் ஸ்டேஷன் வாசலில் டியூப் லைட் ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றினால் போதும், பெரிய வேலை இல்லை. பெஞ்சில் உட்கார வைத்திருந்த நேரம் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளக்கு சரியாக எரியவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் தொழில் அப்படி.

படகுத்துறையில் அலைதடுப்புச் சுவரின் நுனியில் ஒரு கண்காணிப்பு அறை இருக்கிறது. இரும்புப் படிக்கட்டில் ஏறிப் போகவேண்டும். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு வயர்லெஸ், ஒரு பைனாகுலர், சுழலாத ஒரு சுழல் நாற்காலி. பகலில் வேறொருவர் பார்ப்பார். பொழுது சாய்ந்ததும் நான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஃபெரி டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். என் தம்பிதான் அந்த ஃபெரியை ஓட்டுகிறவன். கடைசி நடை முடிந்து அவன் வந்ததும் கவுண்டரை மூடிவிட்டு இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். அவனுக்குக் கல்யாணம் ஆனபிறகு மூன்று பேராக நடந்தோம். மூன்று பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்கு அந்த நடைபாதை அகலமில்லை. யாராவது ஒருவர் பின்னால் வரவேண்டியிருந்தது, அது எப்போதும் நானாகவே இருந்தது. அதனால் மாலை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மேனேஜர் புலம்பியபோது நான் போகிறேன் என்றேன். "நல்லதாப் போச்சும்மா, உங்களுக்குத்தான் வீட்டுல காத்துக்கிட்டிருக்க யாரும் இல்லையே" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் போலீஸ்காரர், கடல்காரர் இல்லை. அதனால் விளக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

இருட்டில் படகு கண்ணுக்குத் தெரியாது, அதன் விளக்குதான் தெரியும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. எந்த நிறம் தெரிகிறதோ அதை வைத்து எதிரே வருகிறவன், இந்தப் படகு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வான். இன்ஜின் ஓடினால் முன்பக்கம் பார்த்தபடி மேலே இன்னொரு வெள்ளை. பாய் விரித்துப் போகிற சின்னப் படகுகளுக்கு ஒரு சலுகை உண்டு: சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் ஒரே விளக்காகப் பாய்மர உச்சியில் வைத்துக்கொள்ளலாம். நங்கூரம் போட்டு நிற்கும்போது அதை அணைத்துவிட்டு, எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு வெள்ளை விளக்கைப் போடவேண்டும். 'நான் நிற்கிறேன், நீ என்னைச் சுற்றிக்கொண்டு போ' என்று அதற்கு அர்த்தம்.

இன்னொரு விதியும் உண்டு. இன்ஜினில் வருகிறவன் பாயில் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். பாயில் வருகிறவன் வேகத்தையும் திசையையும் மாற்றாமல் தன் பாட்டுக்குப் போகவேண்டும். இருவருமே நல்ல பிள்ளையாக ஒதுங்கப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒடுக்கமான வராந்தாவில் எதிரும் புதிருமாக வருகிறவர்கள் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாய்மர உச்சியில் இருக்கிற விளக்கின் நிறம் படகில் இருக்கிறவருக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் மேலே ஏதோ எரிகிறது என்று தெரியும், அவ்வளவுதான். மூவண்ண விளக்கும் நங்கூர விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கூட்டுக்குள் இருக்கும். ஸ்விட்சுகளும் பக்கத்தில் பக்கத்தில். எது எரிகிறது என்று வெளியில் இருக்கிற இன்னொருவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். எங்கள் துறையில் அதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். இருட்டியபிறகு வெளியே போகிற பாய்ப்படகு தடுப்புச் சுவரின் நுனியைத் தாண்டும்போது படகில் இருப்பவர் என் ஜன்னலைப் பார்ப்பார். நான் வெளியே வந்து டார்ச்சை ஒரு தடவை ஆட்டினால் எல்லாம் சரி. ஆட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றால் ஏதோ தப்பு, பார்த்துக்கொள் என்று அர்த்தம். இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் சட்டத்தைவிட என் டார்ச்சைத்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இனி என் தம்பியைப் பற்றி.

அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அம்மா இறந்தபோது அவன் ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை. நான்தான் வளர்த்தேன். தியாகம் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் தம்பி எங்கே இருப்பான் என்று கேட்டார்கள். என்னோடுதான் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு நாற்காலி. வீடு நிறைந்துதான் இருந்தது.

அவன் வாலிபனானதும் ஒரு பெண்ணோடு பேச்சு இருந்தது. துணிக்கடையில் வேலை செய்கிறவள். அது சரிப்படாது என்று எனக்குத் தோன்றியது. அவனுக்குத் தெரியாமல் நானே அவள் வீட்டுக்குப் போய், அவனுக்கு ஒரு வியாதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் ஒதுங்கிக்கொண்டாள். அவன் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரியாகிவிட்டான். பிள்ளைகள் அப்படித்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எப்போதும் அவன் நல்லதைத்தான் பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

இறந்துபோனவள், அதாவது என் தம்பி பெண்டாட்டி, பாய் தைக்கிறவள். படகுப் பாய்கள். துறைக்குப் பின்னால் ஒரு பெரிய கூடத்தில் தரையெல்லாம் வெள்ளைத் துணியை விரித்துப் போட்டு, நடுவில் மெஷினோடு உட்கார்ந்திருப்பாள். ஃபெரியின் கூரைத் துணி கிழிந்தபோது தைக்க வந்தவள். ஒரு கூரைத் துணியை எத்தனை தடவைதான் தைப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

அவளிடம் குறை கண்டுபிடிக்க மிகவும் ஆசைப்பட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். கணவனின் அக்காவை அண்ணி என்று கூப்பிடுவார்கள். இவள் முதல் நாளே "அக்கா" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். இன்னொருத்தி கிடைத்தாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கண்காணிப்பு அறை நாற்காலிக்கு, மிஞ்சிய பாய்த் துணியில் ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "முதுகு வலிக்குதுன்னு சொன்னீங்களேக்கா" என்றாள். நான் அவளிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொல்லியிருந்தேன். இருவரும் மாடியில் படுத்துக்கொண்டு என் முதுகைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

அவளிடம் ஒரு சின்னப் பாய்ப்படகு இருந்தது. தைத்த பாய்களைக் காற்றில் கட்டிப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் வேலை முடிந்ததும் கிளம்புவாள். துறைக்கு வெளியே சரக்குப் படகுகள் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும்; அவற்றைத் தாண்டி இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருப்பாள். இருட்டியபிறகு தம்பியின் கடைசி ஃபெரி திரும்பி வரும். அவன் அவளுடைய உச்சி விளக்கைத் தேடிக் கண்டுபிடிப்பான். நேராக அவள் பக்கம் வந்து, கிட்டத்தில் வேகத்தைக் குறைத்து, அவளுக்கு வழிவிட்டு, பின்பக்கமாக வருவான். ஒரு ஹார்ன் அடிப்பான். அவள் எழுந்து நின்று கையை ஆட்டுவாள். பிறகு அவள் முன்னால், அவன் பின்னால், நத்தை வேகத்தில் துறைக்குள் வருவார்கள். பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் யாரும் புகார் கொடுத்ததில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் உலகமே விட்டுக்கொடுக்கும்.

இதையெல்லாம் மேலிருந்து பார்ப்பது என் வேலை. இரண்டு படகின் விளக்குகளும் சேர்ந்து வருவதை ஒவ்வொரு சாயங்காலமும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது மாடியில் விளக்கு அணைந்திருக்கும். அடுப்படியில் எனக்கென்று ஒரு தட்டு மூடி வைத்திருப்பாள். அதைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவேன். தனியாகச் சாப்பிடுவதற்கு உட்கார்ந்து வேறு சாப்பிட வேண்டுமா என்ன. சில நாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை, சரி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருந்தோம். வேறு ஒரு துறைமுகத்தில் தம்பிக்குப் பெரிய கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, குடியிருக்க வீடும் தருகிறார்கள் என்ற செய்தியை அவள்தான் சொன்னாள். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான், சாப்பிடவில்லை.

"அக்கா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க" என்றாள். "கீழ ஒரு ரூம் இருக்கு. ஜன்னலைத் திறந்தா காத்து வரும்."

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தாம்மா" என்றேன்.

"நீங்க என்ன விருந்தாளியா? இவரை வளர்த்தவங்க நீங்க. ஏங்க, சொல்லுங்களேன்."

அவன் நிமிர்ந்து பார்க்காமல், "அக்காவுக்கு இங்க வேலை இருக்குல்ல" என்றான்.

"வேலை அங்கயும் கிடைக்கும்ங்க."

"விடேன். அக்கா இங்கயே இருக்கட்டும். அதான் எல்லாருக்கும் நல்லது."

அவள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. அவனாக அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். வாயால் வா வா என்று அழைத்துவிட்டு, அவனை விட்டு வேண்டாம் என்று சொல்ல வைத்திருக்கிறாள் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பது என்பார்களே, அதுதான். என் தம்பி என்னைவிட்டுப் போக நினைக்கிறவன் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். உங்கள் கோப்பில் இருப்பது இது: அவள் இருட்டுகிற நேரத்தில் பாய் விரித்து வெளியே போனாள். மூவண்ண விளக்குக்குப் பதிலாகத் தவறுதலாக நங்கூர விளக்கைப் போட்டிருந்தாள். என் தம்பி ஃபெரியில் வந்தான். சின்ன ஃபெரி, ரேடார் எல்லாம் கிடையாது. நங்கூரம் போட்டு நிற்கிற சரக்குப் படகுகளின் வெள்ளை விளக்குகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை விளக்கைப் பார்த்தான். அதுவும் நிற்கிற படகுதான் என்று நினைத்து அதன் முன்பக்கமாக ஒதுங்கிப் போகத் திசை வைத்தான். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. அவள் விதிப்படி தன் பாட்டுக்கு நேராக வந்தாள். ஃபெரி அவள் படகை நடுவில் பிளந்தது. அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கியவன் அவனேதான். கவனமில்லாமல் ஓட்டி உயிரைப் போக்கினான் என்று அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

ஒரு பயணி சொன்னதையும் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். "அந்தம்மா எழுந்து நின்னு கையை ஆட்டுனாங்க. பயந்து ஆட்டுன மாதிரி இல்ல. தெரிஞ்சவங்களைப் பார்த்து ஆட்டுன மாதிரி இருந்துச்சு." அந்தப் பயணி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஃபெரி வழக்கம்போலக் கிட்டத்தில் வந்து வேகத்தைக் குறைக்கும் என்று அவள் நின்றிருக்கிறாள். தினமும் அப்படித்தானே நடந்தது.

இதில் என் பங்கு என்ன என்று நீங்கள் கேட்டது டார்ச்சைப் பற்றி மட்டும்தான். அவள் நுனியைத் தாண்டும்போது உச்சியில் என்ன நிறம் தெரிந்தது என்று கேட்டீர்கள். கவனிக்கவில்லை என்று முதல் நாள் சொன்னேன். அது பொய். வெள்ளை தெரிந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தேன், சிவப்பு தெரிந்திருக்க வேண்டும், சுத்தமான வெள்ளை தெரிந்தது. அவள் என் ஜன்னலைப் பார்த்தாள். நான் வெளியே வந்து டார்ச்சை ஒரு தடவை ஆட்டினேன். அவள் "தேங்க்ஸ்க்கா" என்று கத்தினாள். காற்றில் நன்றாகவே கேட்டது.

இத்தோடு நிறுத்தினால், வயதான பொம்பளை, ஏதோ கவனப்பிசகு என்று எழுதிக்கொள்வீர்கள். எனக்குக் கவனப்பிசகு வந்ததே இல்லை. வேலையில் அந்தப் பெயர் வேண்டாம்.

அந்த வாரம்தான் அவள் படகில் புது ஸ்விட்சுப் பலகை மாட்டினார்கள். பழையது உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தது. எலக்ட்ரீஷியன் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று பென்சிலால் குறித்துவிட்டுப் போனார். "அக்கா, உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டித் தர்றீங்களா" என்று அவள் கேட்டாள். அன்று பகலில் நானே போய் ஒட்டினேன். பென்சில் குறிகளை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டினேன். நங்கூர விளக்கின் ஸ்விட்சுக்கு மேலே 'பயண விளக்கு' என்றும், மூவண்ண விளக்கின் ஸ்விட்சுக்கு மேலே 'நங்கூரம்' என்றும். மற்ற எல்லா ஸ்டிக்கரும் சரி. ஸ்டிக்கர்கள் தண்ணீரில் உரிந்து போயிருக்கும்; படகை மேலே தூக்கிப் பார்த்தவர்கள் அவள் தவறாக ஸ்விட்சைப் போட்டாள் என்று எழுதியிருக்கிறார்கள். அவள் சரியாகத்தான் போட்டாள் என்பதை அந்த இடத்தில் திருத்திவிடுங்கள். செத்தவள் மேல் இல்லாத குறையைப் போடக்கூடாது.

அப்போதுகூட என் மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பான விளக்கோடு போனால் துறையில் எச்சரிக்கை கொடுப்பார்கள், அவன் அவளைக் கோபித்துக்கொள்வான், இரண்டு நாள் முகம் பார்க்காமல் இருப்பார்கள், கிளம்புகிற பேச்சு கொஞ்சம் தள்ளிப்போகும். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தால் குடி முழுகிப் போய்விடாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எச்சரிக்கை கொடுக்கவேண்டிய ஆள் நான்தான். நான் டார்ச்சை ஆட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கையெட்டும் தூரத்தில் வயர்லெஸ் இருந்தது. அவளும் அவளுடைய செட்டைப் போட்டுத்தான் வைத்திருப்பாள். 'திரும்பி வாம்மா, விளக்கு மாறி எரியுது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நான் ஃபிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தேன். கண்ணாடியில் படிந்திருந்த உப்பைத் துணியால் துடைத்தேன், நன்றாகத் தெரியட்டும் என்று. கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது. அந்த ஒரு வெள்ளை விளக்கு சரக்குப் படகுகளின் விளக்குகளுக்குள் போய்க் கலந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து எது அவள் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனி நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பிய விஷயம். என் தம்பியின் ஃபோனிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, மோதலுக்குச் சற்று முன்னால். என்ன பேசினீர்கள் என்று அவனைக் கேட்டதற்கு, "சாப்பாட்டைப் பத்திப் பேசினோம்" என்றானாம். பார்த்தீர்களா, எந்த நிலையிலும் அக்காவை விட்டுக்கொடுக்க மாட்டான்.

சாப்பாட்டைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவன் அவளுடைய விளக்கைத் தேடியிருக்கிறான், காணவில்லை.

"அக்கா, அவ வெளிய இருக்காளா? சிவப்பையும் காணோம், பச்சையும் காணோம்" என்றான்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் ஃபெரியின் விளக்குகள் தூரத்தில் வந்துகொண்டிருந்தன.

"இல்லப்பா" என்றேன். "தலைவலின்னு அப்பவே திரும்பியாச்சு. வீட்டுக்குப் போயிட்டா."

"அப்படியா, மாத்திரை போட்டாளா?"

"போட்டிருப்பா. நீ வழக்கம்போல மெதுவா வராத, நேரா வா. இன்னைக்கு நானும் சீக்கிரம் கிளம்பறேன், நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து போலாம்."

"சரிக்கா" என்றான்.

இதை நான் வாய் தவறிச் சொல்லவில்லை. பதறியும் சொல்லவில்லை. அவன் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் இருந்த நேரத்தில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். அவன் வேகத்தைக் குறைக்க மாட்டான் என்று தெரியும். அவள் திசையை மாற்ற மாட்டாள் என்று தெரியும். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இருவரும் சரியாகத்தான் ஓட்டினார்கள். அவளைக் கொன்றது நான். அவன் கையால் நடந்தது, ஆனால் செய்தது நான். இந்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

சத்தம் கேட்டதும் படியிறங்கிப் போனேன். ஃபெரியைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவளை டெக்கில் கிடத்தியிருந்தான். யாரோ ஒரு பயணியின் கோட்டு அவள்மேல் கிடந்தது. அவன் உடம்பெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்து, "நீ சொன்னியேக்கா, வீட்டுக்குப் போயாச்சுன்னு" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அது கேள்வியில்லை, அதனால் நான் பதில் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தான், என் சால்வையை எடுத்துப் போர்த்தினேன். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டான். ஈரமாகிவிடும் என்று நினைத்திருப்பான். அதற்குப் பிறகு இதுவரை அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சி, பாவம்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அவன் அழுவான், நான் பக்கத்தில் இருப்பேன். வேலை போனாலும் போகட்டும், என் சம்பளம் இருக்கிறது. மறுபடியும் மேஜையில் இரண்டு பேர். நீங்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விபத்துக்குப் போய் யாராவது ஜெயிலில் வைப்பார்களா. அந்த வீட்டில் இப்போது மாடியிலும் சத்தமில்லை, கீழேயும் சத்தமில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது என் அறை வரைக்கும் கேட்கிறது. முன்பாவது அவர்கள் நடக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன் என்று நினைத்திருந்தேன்.

ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட நான் வந்தேன், உங்களுக்கு நினைவிருக்கும். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றானாம். உங்கள் கான்ஸ்டபிள் வந்து என்னிடம் சொன்னார்: "உங்க பேரைச் சொன்னதும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரும்மா." அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார், நான் மனம் நோவேன் என்று. எனக்கு ஒன்றும் நோகவில்லை. என் தம்பி சின்ன வயதிலும் அப்படித்தான். எதையாவது உடைத்துவிட்டால் என் முகத்தைப் பார்க்க மாட்டான், சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். வெட்கம். கொலைகாரன் ஆகிவிட்டோமே, அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கிறான்.

அதற்காகத்தான் இன்றைக்கு நானாக வந்து இவ்வளவும் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், அது உண்மையில்லை. அவன்மேல் தப்பில்லை என்று அவனுக்குத் தெரியவேண்டும். நான் சொன்னதை ஒன்று விடாமல் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், ஃபோனில் பேசியது உட்பட. அப்புறம் வெட்கப்பட அவனுக்கு ஒன்றும் இருக்காது.

எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தண்ணீர் வேண்டுமா என்று இரண்டாம் தடவை கேட்டதிலேயே தெரிந்துவிட்டது. பரவாயில்லை, எனக்குத் தனியாக இருந்து பழக்கம்தான். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நீங்கள் என்னைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தில் பார்க்க வருகிறவர்களை எந்தக் கிழமை உள்ளே விடுவார்கள்? அவனை வெளியே விடும்போதே அதையும் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுங்கள், கிழமை தெரியாமல் வீணாக அலைவான்.